பறக்கும் தட்டும் மூன்று கட்டங்களும்

ஒரு காட்டில் ராஜா போய் சர்க்கார் வந்த புதிது. சிங்கத்தை ஓய்வில் அனுப்பிவிட்டு, அது படுத்திருந்த இடத்தில் பதினேழு இலாகாக்களை உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் காட்டில் வேலம்மாள் என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். ஆபத்து எது வந்தாலும் முதலில் கத்துவது அவள் உத்தியோகம். அதற்காகக் குளக்கரையில் ஒரு கூழாங்கல் திட்டு கொடுத்திருந்தார்கள். திட்டில் இப்போது நாலு முட்டைகள் இருந்தன.

ஒருநாள் நட்ட நடுப்பகலில் குளத்துக்கு மேலே பளபளவென்று ஒரு தட்டு பறந்தது. வேலம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள். மான்கள் தலைதெறிக்க ஓடின. முள்ளம்பன்றி ஓடிய வேகத்தில் மூன்று முயல்களுக்கு முள் தைத்தது. புகார் மேலிடத்துக்குப் போக, விசாரிக்க வந்தார் வான இலாகா அதிகாரி தாண்டவமூர்த்தி.

அவர் ஒரு பெருச்சாளி. பிறந்தது முதல் வளைக்குள்ளேயே இருந்தவர். வானத்தை ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்தது கிடையாது. ஆனால் பணிமூப்பில் அடுத்தவர் அவர்தான். இந்த முறையைக் கண்டுபிடித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

“என்னம்மா பார்த்தே?”

“தட்டுங்க ஐயா. ஓரத்துல ஜன்னல். உள்ள இருந்து ஒருத்தர் கையாட்டினாரு.”

“எத்தனை கை?”

“நாலு இருக்கும்ங்க.”

‘சாட்சிக்கு எண்ணத் தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டார் தாண்டவமூர்த்தி. பிறகு படிவத்தை நீட்டினார். அதில் மூன்றே கட்டங்கள்: வெள்ளி நட்சத்திரம், பலூன், சதுப்பு வாயு.

“இது மூணும் இல்லீங்களே.”

“அப்போ நீ எதையும் பார்க்கலைன்னு அர்த்தம். பொய்க்கூச்சல் போட்டா திட்டைக் காலி பண்ணணும், தெரியுமில்ல? இனிமே மேலே எது தெரிஞ்சாலும் இந்த மூணுக்குள்ளதான் சொல்லணும்.”

வேலம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முட்டைகளை எங்கே தூக்கிக்கொண்டு போவாள், பாவம்!

அந்த நேரம் பார்த்து ஒரு கழுகு இறங்கியது. தாண்டவமூர்த்தி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஏதோ நிழலாடுதே, என்னம்மா அது?”

கத்துவதற்கு வாயைத் திறந்தவள் முட்டைகளைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள்.

“பலூனுங்க ஐயா.”

“அப்படி வா வழிக்கு!” என்று மகிழ்ந்த அதிகாரி, மறு நொடியில் தரையில் இல்லை.

கழுகின் காலில் தொங்கியபடி அவர் முதன்முதலாக வானத்தைப் பார்த்தார். பக்கத்திலேயே தட்டு பறந்துகொண்டிருந்தது. ஜன்னலும் இருந்தது.

“வேலம்மா! தட்டு! நெஜமாவே தட்டு! நாலு கை!” என்று காடு முழுக்கக் கேட்க அலறினார்.

கீழேயிருந்து வேலம்மாள் பணிவாகச் சொன்னாள்: “ஐயா, எழுத்துல குடுங்க!”

ஜன்னலில் நாலு கையும் ஆடியதைக் கண்டு மிரண்ட கழுகு பிடியை விட்டது. அதிகாரி குளத்தில் விழுந்து, சேறும் பாசியுமாய்க் கரையேறினார். வேலம்மாள் அலகில் படிவத்தோடு காத்திருந்தாள்.

‘பறக்கும்’ என்று எழுதத் தொடங்கியவருக்கு, அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வு ஞாபகம் வந்தது. தானும் ஊரறியக் கத்தியதும், தட்டு கட்டத்தில் இல்லாததால் அதுவும் பொய்க்கூச்சல் ஆகிவிடும் என்பதும் ஞாபகம் வந்தது. எழுதியதை அடித்துவிட்டு, பலூன் கட்டத்தில் டிக் போட்டார்.

“அப்போ கழுகு?”

“அது சின்ன பலூன்.”

“நான் அன்னைக்குப் பார்த்தது?”

“பெரிய பலூன். வெடிச்சா ஆபத்துதானே? நீ கத்தினதுல தப்பே இல்லம்மா.”

திட்டு தப்பியது. நாலு முட்டைகளும் பொரிந்தன. தாண்டவமூர்த்திக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கழுகு மட்டும் இன்றும் அந்தக் காட்டைச் சுற்றுகிறது. பலூன் என்று பதிவாகிவிட்டதால் அதன்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லையாம்.

நீதி: கழுகின் காலில் தொங்கும்போதும் படிவத்தில் எத்தனை கட்டம் என்பதை மறவாதே.