கியர் சரியாகிற வரைக்கும்

முத்துராமனுக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர். இதே ஆபரேஷனுக்கு முத்துராமனின் அண்ணன் நடந்து போனார், தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். அந்தப் பயம் மனுஷனை ஆட்டிவைத்தது. பயம் என்று சொன்னால் மானம் போய்விடுமே! மனைவி சாமுண்டீஸ்வரி சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனபோது, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

"நான் பூட்டிக்கிட்டிருக்கிற ஹெலிகாப்டர்ல கியர் சரின்னு என் வாயால சொன்ன மறுநாளே ஆஸ்பத்திரி."

அம்மனுக்கே தலை சுற்றியிருக்கும்.

அது ரிமோட்டில் பறக்கும் முழ நீள பொம்மை ஹெலிகாப்டர்; பாகம் பாகமாக அவரே சேர்த்துப் பூட்டுவது. மோட்டாரில் சின்னப் பல்சக்கரம், இறக்கைத் தண்டில் பெரியது. ரொம்ப நெருங்கினால் அரைபடும், விலகினால் பல் உடையும். நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து இடைவெளி பார்க்க வேண்டும். ஜூரோங் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் பல்சக்கரம் வெட்டி ஓய்வு பெற்றவருக்கு ஐந்து நிமிஷ வேலை. மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்தது.

"இன்னிக்காவது முடிஞ்சுதா?"

"மயிரிழை டைட்டா இருக்கு, சாமு."

மறுநாள் கேட்டால், "மயிரிழை லூஸ்."

"தலையில இல்லாத முடியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கா?"

"அவசரப்பட்டா பல்லு போயிடும்லா."

"உங்க உசுரு போயிடும்."

செங்காங் அடுக்குமாடி வீட்டில் முத்துராமன், லிஃப்டிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நிற்பார். ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிவார். காலில் இருப்பதோ செருப்பு. சாமுண்டீஸ்வரி கதவிடுக்கில் பார்த்துவிட்டு, சமையலறையில் போய் அழுவாள்.

அன்று குளித்துவிட்டு வந்தவர் காதில் கர்ரென்று ஒரு சத்தம். ஹாலில் சாமுண்டீஸ்வரி ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். இறக்கையைக் கழற்றி வைத்திருந்தாள். மோட்டாரைப் பெரிய சக்கரத்தோடு ஒட்ட அழுத்தி ஸ்க்ரூவை முடுக்கியிருந்தாள்.

"என்ன செய்யிற?"

"நானே சரி பண்ணிட்டேன். நல்லாத்தானே சுத்துது?"

"நல்லாவா? பல்லோட பல்லு அரையுது. நிறுத்து."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே." இன்னும் வேகம் கூட்டினாள்.

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரே வரியை ஏழு தடவை படித்தார். உடம்பெல்லாம் கூசியது. மூன்று மாதம் நெஞ்சுவலியைத் தாங்கிய மனுஷனால் இதைத் தாங்க முடியவில்லை.

"தள்ளு!"

ஸ்க்ரூவைத் தளர்த்தினார். காகிதத் துண்டை நுழைத்தார், மோட்டாரை அழுத்தி ஸ்க்ரூவை முடுக்கினார், சக்கரத்தை விரலால் உருட்டினார். காகிதம் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. ரிமோட்டைத் தட்டினார். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இப்பக் கேளு. இதுதான் சரி. இதுக்குப் பேருதான் கியர்."

சாமுண்டீஸ்வரி சிரிக்கவில்லை. ரிமோட்டை வாங்கி அணைத்தாள்.

"உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. நாளைக்குக் காலையில ஆறரைக்கு டாக்சி. போன வாரமே ஆஸ்பத்திரியில தேதி வாங்கிட்டேன்."

முத்துராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான் சொல்லிடுவேன்னு போன வாரமே உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சத்தத்தை அரை மணி நேரமாவது தாங்குவீங்கன்னு நினைச்சேன்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாலு நிமிஷம்கூட ஆகலை."