குருளைக்கு மூத்தவள், சாரணருக்கு இளையவள்

அல்லைப்பிட்டி,
ஆடி மாதம், ஞாயிறு பூசை முடிந்த பிறகு.

அன்பும் மதிப்பும் நிறைந்த டெனிஸ்ரன் அண்ணைக்கு,

தங்கச்சி ஜெனீற்றா எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் இவரும் பிள்ளையும் மாமியும் நானும் உண்டு உடுத்து நடமாடுகிறோம். பாரிசில் நீங்களும் அண்ணியும் அவவின் முழங்காலும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இதையெல்லாம் வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் கண்ணீர் வரச் சிரிக்கிற ஒரு மஞ்சள் மூஞ்சியை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் கடதாசியில் எழுதி, அடுத்த கிழமை அங்கே திரும்புகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். இருந்து முழுதாக வாசியுங்கள்.

தை மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சாரணர் குழு தொடங்கினார்கள். இந்த முறை பெண்பிள்ளைகளையும் சேர்ப்பார்களாம் என்று கேள்விப்பட்டதும் மகள் யூலியானாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். பொறுப்பாக இருப்பவர் சுஜிதன் என்று ஓர் இளம் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர், நல்ல பிள்ளை, ஆனால் கையில் ஒரு கோப்பு இல்லாமல் மூச்சு விடமாட்டார். யூலியானாவுக்கு அப்போது பத்து வயதும் ஏழு மாதமும். பதினொன்று வரைக்கும் குருளைச் சாரணர், அதற்கு மேலே சாரணர் என்றார். சரியென்று படிவம் நிரப்பி, துணி எடுத்து, சீருடை தைத்து, கழுத்துப்பட்டியும் வாங்கியாயிற்று. இரண்டு கிழமை போகவில்லை, படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

“அக்கா, ஒரு சின்ன மாற்றம். புதுச் சுற்றறிக்கை வந்திருக்கு. குருளையள் இனிப் பத்தரை வயசு வரைக்கும்தான்.”

“அப்ப என்ரை பிள்ளையைப் பெரிய சாரணரிலை போடுங்கோ.”

“அது ஏலாது அக்கா. சாரணர் பதினொண்டிலைதான் தொடங்குது. அதை மாத்திற சுற்றறிக்கை இன்னும் வரேல்லை.”

“அப்ப இந்த ஐஞ்சு மாதமும் அவள் ஆர்?”

கோப்பைத் திறந்து தேடினார், அண்ணை. உண்மையாகவே ஒவ்வொரு தாளாகப் புரட்டித் தேடினார். “அப்பிடி ஒரு பிரிவு இல்லை அக்கா” என்றார்.

எனக்கு வந்த விசருக்கு அடுத்த பெற்றார் கூட்டத்தில் எழும்பி, “பிள்ளையள் என்ன உங்கடை சுற்றறிக்கையைப் பாத்தோ வளருதுகள்?” என்று கேட்டேன். சனம் கைதட்டியது. கைதட்டி முடிய, சுஜிதன் அடுத்த தாளைப் புரட்டினார். புதுத் திட்டத்தின்படி பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால் பயிற்சி பெற்ற பெண் தலைவி ஒருவர் வேண்டும்; இல்லாவிட்டால் ஏற்கெனவே சேர்ந்த ஒன்பது பிள்ளைகளின் பதிவும் ரத்து. “ஆராவது முன்வருவியளோ?” என்றார். மண்டபத்தில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கூடக் கத்தினவள் நான்தானே. அந்த ஒன்பதும் யன்னலுக்கு வெளியே எக்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுகளின் முகத்தைப் பார்த்தபிறகு வாய் தானாக “ஓம்” என்றுவிட்டது.

படிவத்தில் வயதுக்கு ஒரு பெட்டி இருந்தது. நாற்பதுக்கு உட்பட்டவர்கள் நேரே பயிற்சிக்குப் போகலாம், தாண்டியவர்கள் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். எனக்கு நாற்பது முடிந்து மூன்று கிழமை! மகள் ஒன்றுக்கு ஒரு மாதம் கூட, மற்றதுக்கு ஐந்து மாதம் குறைய, தாய் மூன்று கிழமை கூட. ஆஸ்பத்திரியில் அரை நாள் வரிசையில் நின்று உள்ளே போக, டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டு, “வெளிநாடு போறியளோ?” என்று கேட்டார். “இல்லை டொக்டர், உதிலை சாட்டிக் கடற்கரைக்கு” என்றேன்.

நான் காற்சட்டை போட்டு வெளிக்கிட்டதைக் கண்டு மாமி சிலுவை போட்டுக்கொண்டா. இவர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்த்தான் சிரித்தாராம், பக்கத்து வள்ளக்காரர் வந்து சொன்னார்.

ஆனி மாதம் சாட்டிக் கடற்கரையில் மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் முடிச்சுச் சோதனை. ஐந்து வயதில் எங்கள் ஐயாவின் மீன் வலையில் முடிச்சுப் போடப் பழகினவள் நான், உங்களுக்குத் தெரியாததா? பரீட்சகர் கேள்வியை வாசித்து முடிக்க முதலே கட்டிவிட்டேன்.

“இதென்ன முடிச்சு?”

“எங்கடை முடிச்சு ஐயா.”

“பேர் என்ன?”

“பேர் வைக்கேல்லை. கட்டினால் அவிழாது.”

“புத்தகத்திலை இல்லையே அம்மா” என்று பூச்சியம் போட்டார். நீச்சலுக்கும் அப்படித்தான். மிதவை வரைக்கும் நீந்திப் போய்த் திரும்பி வந்து சொட்டச் சொட்ட நிற்கிறேன், நீச்சல் தடாகத்தில் இருபத்தைந்து மீற்றர் நீந்தினதாகச் சான்றிதழ் வேண்டுமாம். கடலை அளக்க ஏலாதாம்.

இரண்டாம் நாள் பின்னேரம் சோழகக் காற்றுப் பிடித்தது. புத்தகத்து முடிச்சுப் போட்ட ஐந்து கூடாரங்களும் எழும்பிப் பனைகளுக்குள் போய்விட்டன. சமையலுக்கென்று நான் கட்டின தறப்பாள் கொட்டில் மட்டும் அசையாமல் நின்றது. அதற்குள் எல்லாரும் வந்து குந்தினார்கள், பரீட்சகரும்தான். “ஜெனீற்றா அம்மா, உதை மற்றவைக்கும் ஒருக்கால் காட்டிக் குடுங்கோ” என்றார் மெல்ல. காட்டினேன். இனியாவது புள்ளி போடுவார் என்று பார்த்தால், முடிச்சுக்கான கட்டத்தில் ஏற்கெனவே எழுதியாயிற்றாம், அதனால் சமையலுக்கு முழுப் புள்ளி போட்டுச் சித்தியடைய வைத்துவிட்டார். அந்த மூன்று நாளும் நான் ஒரு தேத்தண்ணி கூட ஊற்றவில்லை, அண்ணை!

போகட்டும். இதற்கிடையில் யூலியானாவுக்குப் பதினொன்று முடிந்தது, எல்லாம் சரி என்று நினைத்தேன். போன கிழமை என் தலைவிச் சான்றிதழ் வந்தது. அதே உறைக்குள் இன்னொரு சுற்றறிக்கை. தலைவியின் சொந்தப் பிள்ளை அவர் நடத்தும் குழுவில் இருக்கக்கூடாது, பக்கம் சாய்ந்துவிடுவோமாம். பிள்ளை வேண்டுமென்றால் நாரந்தனைக் குழுவில் சேரலாம். அங்கேயும் சனிக்கிழமை எட்டு மணி, இங்கேயும் சனிக்கிழமை எட்டு மணி. நான் ஊரார் பிள்ளைகளை இங்கே வரிசையில் நிறுத்த, என் பிள்ளையை யார் பஸ் ஏற்றி அங்கே கொண்டுபோய் விடுவது?

“சேர், நான் அவளுக்காகத்தானே வந்தனான்!” என்றேன் சுஜிதனிடம்.

“தெரியும் அக்கா. அதாலைதான் அந்த விதி.”

நீங்கள் சாரணனாக இருந்த காலத்தில் எனக்கு ஐந்து வயது. எனக்குப் பத்து வயது வந்தபோது இடம்பெயர்ந்து மடு அகதி முகாமில் இருந்தோம். அங்கே எந்த வயதுக்கும் எந்தப் பிரிவும் இருக்கவில்லை. பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்றுதான் இவ்வளவும் பட்டேன். போதும். விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்குச் சுஜிதனின் கையில் கொடுப்பேன். ஒன்பது பிள்ளைகளை நினைக்க நெஞ்சு கொஞ்சம் இடிக்கிறதுதான். ஆனாலும் முடிவு முடிவுதான், சமாதானம் சொல்ல நீங்கள் வட்ஸ்அப்பில் கோல் எடுக்கவேண்டாம்.

வரப்போகிற பாரிஸ் குளிர் உங்கள் நெஞ்சில் இறங்காமல் மாதா காவல் இருப்பாவாக. அண்ணிக்கும் மருமக்களுக்கும் இங்கிருந்து முத்தங்கள்.

இப்படிக்கு,
இன்று மட்டும் சாரணர் தலைவியாக இருக்கும்
உங்கள் தங்கச்சி ஜெனீற்றா.

பிற்குறிப்பு: உறையை ஒட்ட முதல் யூலியானாவைக் கூப்பிட்டு, “கவலைப்படாதை பிள்ளை, அம்மா விலகிறன், நீ சேரலாம்” என்றேன். அவள் பதறிப்போனாள். “ஐயோ வேண்டாம் அம்மா! நான் வலைப்பந்திலை சேந்து ரெண்டு மாதம். எனக்கு உது முதலிலையே விருப்பமில்லை. உங்களுக்குத்தான் ஆசையா இருந்தது, அதுதான் பேசாமல் வந்தனான்” என்றாள். விலகல் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். தலைவிகளுக்கு அடுத்த பயிற்சி நுவரெலியாவில், ஐந்து நாள். இப்போதே சுஜிதனுக்குக் கோல் எடுத்துப் பெயரும் கொடுத்தாயிற்று. அந்த மலைக் குளிருக்கு நல்ல தடித்த ஜக்கெற் ஒன்று அனுப்பிவிடுங்கள். காக்கி நிறம் என்றால் நல்லது.