கத்துவதற்கு ஓர் ஆள்

பேக்கரிக்காரருக்கும் டெய்லருக்கும் நடுவில் பந்து சாவகாசமாக வந்து விழுந்தது. இருவரும் பந்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் டெய்லர்.

"நானும் அதையேதான் நெனச்சேன்" என்றார் பேக்கரிக்காரர்.

அந்த வாலிபால் டீமின் புதுக் கேப்டனான பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வாத்தியார்களின் டீமிடம்கூடத் தோற்றாகிவிட்டது. அதில் பாதிப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டே ஆடுகிறவர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, பாலத்துக்கு அந்தப் பக்கத்து டீமோடு ஆட்டம். ஜெயிப்பவர்களுக்கு மைதானம் சாயங்காலத்தில். தோற்பவர்கள் விடியற்காலையில் வந்து ஆடிக்கொள்ள வேண்டியதுதான். விடியற்காலையில் பேக்கரிக்காரர் அடுப்பை விட்டு நகர முடியாது, மற்றவர்கள் படுக்கையை விட்டு நகர மாட்டார்கள். டீம் கலைந்துவிடும். நாளெல்லாம் பிறர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டருக்கு, நிமிர்ந்து வானத்தைப் பார்க்கக் கிடைத்தது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான். அது போய்விடுமோ என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

எல்லாம், தலைவர் என்று எல்லாரும் கூப்பிடும் பழைய கேப்டன் விலகியதிலிருந்து வந்த வினை. காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விட்டுப் பழகிய தொண்டை அவருக்கு. சர்வீஸ் போடுவதோடு சரி, அப்புறம் பந்தைத் தொடவே மாட்டார். நின்ற இடத்திலிருந்து "டெய்லர், உனக்கு!" என்று கத்துவார், டெய்லர் எடுப்பார். மூட்டு வலி என்று சொல்லிப் போன மாதம் வீட்டோடு இருந்துவிட்டார். "தலைவர் இல்லாத டீம்ல எனக்கென்ன வேலை" என்று அடுத்த வாரமே தபால்காரரும் கிளம்பி எதிர் டீமில் சேர்ந்துவிட்டார். உயரமாக எழும்பி அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். தலை இருக்க வால் ஆடக் கூடாது என்பார்கள். இங்கே தலை போன பிறகும் வால் ஆடுவதாக இல்லை.

தபால்காரர் இடத்துக்குத் தன் மச்சானைக் கொண்டுவந்து நிறுத்தினார் டாக்டர். பிறகு ஒரு யோசனை சொன்னார்: "இனிமே 'எனக்கு'ன்னு சொல்லிட்டு எடுங்க."

மறுநாள் முதல் பந்துக்கே ஆறு பேரும் "எனக்கு" என்றார்கள். மூன்று பேர் மோதிக்கொண்டதில் வக்கீலின் முன்பல் ஆடத் தொடங்கியது. டாக்டரே அதைக் காசு வாங்காமல் கட்டிக்கொடுத்தார்.

அதற்கு மறுநாள் சுண்ணாம்பால் கோடு கிழித்து ஆளுக்கொரு பாகம் பிரித்துவிட்டார். பந்து கோட்டின் மேலேயே விழுந்தது.

"எடுத்திருக்கலாமே சார்?"

"கோடு எனக்குச் சொந்தமில்ல" என்றார் வக்கீல். "அடுத்தவர் எடத்துல அத்துமீறி நுழையறவன் நானில்ல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். கடைசியில் டாக்டரே கத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ஆனால் வலியோடு வருகிறவர்களைத் தட்டிக்கொடுத்தே பழகிய குரல் அது.

"எலெக்ட்ரீஷியன், கொஞ்சம் இப்படித் திரும்புங்க... அவ்வளவுதான்... பயப்படாதீங்க..."

"அத்தான், நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்து விழுந்து உருண்டு ரோட்டுக்கே போயிடுச்சு" என்றான் மச்சான்.

அன்றைக்கே டாக்டர் தலைவர் வீட்டுக்குப் போனார்.

"நீங்க ஆட வேண்டாம் தலைவரே. ஓரமா நாற்காலி போடறேன். உக்காந்து கத்தினா போதும்."

தலைவர் தயங்கினார். மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கூப்பிட வந்தவரை ஏன் வெறுங்கையோட அனுப்பணும்? நானும் கூட வர்றேன்" என்றாள் அந்த அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்தபடி தலைவர் வந்து உட்கார்ந்தார். இந்த வயதிலும் இப்படி ஒரு ஜோடியா என்று டெய்லர் பெருமூச்சு விட்டார்.

"பேக்கரி, உனக்கு!"

அந்தக் குரலைக் கேட்டதும் டீமுக்கு உயிர் வந்தது. பேக்கரிக்காரர் பாய்ந்து எடுத்தார். ஒருமுறை பந்து வக்கீலின் காலடிக்கு வந்தது, தலைவரோ "எலெக்ட்ரீஷியன்!" என்றார். அவர் எதிர் மூலையிலிருந்து ஓடிவந்து, விழுந்து புரண்டு எடுத்துவிட்டார். யார் அடிக்கப்போகிறார் என்று எதிராளிகளுக்குப் பிடிபடவே இல்லை. மச்சானை மட்டும் தலைவர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. பையன் முகம் தொங்கிப்போயிற்று.

ஆளுக்கொரு செட் ஆயிற்று. மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம். அந்த நேரம் பார்த்து டாக்டரின் கையில் பட்ட பந்து மெத்தென்று எழும்பி அந்தப் பக்கம் போயிற்று. சின்னக் குழந்தைகூட எடுத்துவிடும். எதிர் டீம் கேப்டன் அதற்காகக் கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தபால், எடு!"

வலை ஓரம் நின்ற தபால்காரர் எத்தனையோ வருஷப் பழக்கத்தில் திரும்பிப் பாய்ந்தார். பாய்ந்தவர் தன் கேப்டன் மேலேயே மோதினார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சாய, பந்து அவர்களுக்குப் பக்கத்தில் மெதுவாக விழுந்தது.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் பிழைத்துக்கொண்டது. எல்லாரும் தலைவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எதிர் டீம் ஆளையே வேலை வாங்கிட்டாரே. இதுக்குப் பேர்தான் மூளை" என்றார் வக்கீல். தலைவர் சிரித்தார்.

டாக்டர் அந்த அம்மாளைத் தனியாகப் பிடித்தார். "அண்ணி, அந்த நேரத்துல தபால்காரரைக் கூப்பிடணும்னு அவருக்கு எப்படித் தோணுச்சு?"

அவள் கணவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்க தம்பி, தபால்காரர் அந்தப் பக்கம் போனதே அவருக்குத் தெரியாது, ரெண்டு வருஷமாவே கண்ணு சரியில்ல, பந்துல கை படற சத்தம் கேட்டா வாய்க்கு வந்த பேரைச் சொல்லுவார், அவ்வளவுதான்."