தெருவைக் கப்பலாக்கிய செராங்

தான் குடியிருக்கும் தெரு ஒரு கப்பல்தான் என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவரும் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வந்து வாய்த்தார். என் ஜாதகம் அப்படி.

போர்ட் பிளேரில், ஏர்போர்ட் ரோட்டிலிருந்து லம்பா லைன் பக்கமாகச் சரிந்து இறங்கி, கடல் உள்ளே புகுந்திருக்கும் உப்பங்கழியில் போய் முடிகிற தெரு எங்களுடையது. அவருடைய உண்மையான பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. தீவுக்குத் தீவு போகிற சர்க்கார் படகில் கலாசிகள் என்கிற படகு வேலையாட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ரிடையர் ஆனவர். அந்த வேலைக்கு செராங் என்று பெயர். வேலை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவியே, "செராங்கு குளிக்காரு, செத்த நேரம் கழிச்சு வாங்க" என்றுதான் சொல்வார்.

பூர்வீகம் தூத்துக்குடி. ஆனால் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லா ஜனங்களோடும் காலம் தள்ளியதில், தூத்துக்குடித் தமிழில் கிளம்புகிற அவருடைய வாக்கியம் எங்கள் தீவு ஹிந்தியில்தான் கரை சேரும்.

"ஏலே, சுனோ! வாசல்ல குப்பையக் கொட்டுனா டீக் நஹி ஹோகா, ஆமா!"

தெருவின் இடது வரிசை வீடுகள் அவருக்கு 'போர்ட் சைடு'. வலது வரிசை 'ஸ்டார்போர்டு'. மேலே ஏர்போர்ட் ரோடு கப்பலின் மூக்கு, கீழே உப்பங்கழி அதன் வால். என் வீடு எங்கே இருக்கிறது என்று விசாரித்து வந்த என் மாமனாரிடம், "போர்ட் சைடுல நடு கேபின்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமனார் துறைமுகத்துக்கே போய்த் தேடிவிட்டு மத்தியானம் வந்து சேர்ந்தார்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் தீவே கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. கதையில்லை, நிஜம். நிலம் தாழ்ந்ததில், சிப்பிகாட் பக்கம் நெல் விளைந்த வயல்களிலெல்லாம் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் தெருவிலும் அமாவாசை, பௌர்ணமி தவறாமல் உப்புத் தண்ணீர் சாக்கடை வழியாக ஏறி வரும். வருகிற கடல் வெறுங்கையோடு வராது. சாக்கடையில் நாங்கள் போட்டு மறந்ததையெல்லாம் பத்திரமாக எடுத்துவந்து அவரவர் வாசலில் வைத்துவிட்டுப் போகும்.

அப்போதுதான் மெயின்லாண்டிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் எங்கள் முன்னால் பெரிய சார்ட் பேப்பரை விரித்து, கலர் பேனாக்களைக் கொடுத்து, "உங்கள் தெருவை, உங்கள் மொஹல்லாவை, நீங்களே வரையுங்கள்" என்று ஹிந்தியில் சொன்னாள். தெரு ஜனம் வெட்கப்பட்டு நின்றது. செராங் பேனாவை வாங்கி, தரையில் படுத்துக்கொண்டு, ஒரு முழுக் கப்பலை வரைந்தார்.

"அங்கிள், யே க்யா ஹை?"

"யே ஹமாரா மொஹல்லா ஹை. ஆகே இன்ஜின் நஹி. பீச்சே பானி ஆ ரஹா ஹை."

முன்னால் இன்ஜின் இல்லாத, பின்னால் தண்ணீர் ஏறி வருகிற ஒரு கப்பல். நாங்கள் சொல்லத் தெரியாமல் தவித்த நிலைமை இதுதான் என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. "சரி, ஒரு சமிதி ஆரம்பியுங்கள்" என்றாள்.

சங்கத் தலைவர் தேர்வில் போட்டியே இல்லை. கழுத்தில் விசில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். செக்ரட்டரி நான். தேர்வு நடந்தபோது நான் ஊரிலிருந்து வரும் மாமியாருக்காகத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே இல்லை என்கிற ஒரே தகுதியில் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

தெருவின் கடைசி வீடு சரசுவுடையது. பலகைச் சுவர், தகரக் கூரை, வாசலில் டீயும் பருப்பு வடையும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்னக் குழந்தையாக மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். கச்சாலில் புருஷனையும் வீட்டையும் கடல் கொண்டுபோனபின் மகளோடு எங்கள் தெருவுக்கு வந்தவள். இங்கேயும் கடல் விடவில்லை. தண்ணீர் உள்ளே ஏறும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு, மகளோடு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

"மழைக்கு முந்தி கெளம்பிருவேங்க," என்று ஒருநாள் எங்களிடம் சொன்னாள். "கூடலூருப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்களாம். மொகம் பாத்ததில்ல. மெயின்லாண்டுல எனக்குத் தெரிஞ்ச ஒரே ஊரு மண்டபம் கேம்ப்புதான். என்னா பண்றது, புள்ள இருக்கே."

செராங் டீ கிளாசைக் கீழே வைத்தார். "செக்ரட்ரி, நடுக்கடல்ல பாசஞ்சர எறக்கி விட்ட கப்பலப் பாத்திருக்கீரா?"

"இல்லை அண்ணாச்சி."

"நானும் பாத்ததில்ல. நம்ம கப்பல்லயும் நடக்காது."

கழி ஓரமாக ஒரு கரை போட்டுக் கடலைத் தடுப்பது, சரசுவின் வீட்டைத் தூக்கி உயரத்தில் வைப்பது, சாக்கடையைத் தூர் வாருவது. மழைக்கு முன்னால் இவை முடிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வந்து கைகொடுப்பதாக ஏற்பாடு. முதல் ஞாயிறு வந்தவர்கள் செராங், நான், எதிர்வீட்டுப் பெங்காலி மீன்காரர், அவர்கள் வழக்கில் அண்ணன் என்று பொருள்படும் 'தாதா'. தாதாவும் வேலைக்கு வரவில்லை, பல் விளக்க வந்தவரைப் பிடித்து வைத்தோம். செராங் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வீங்கியதுதான் மிச்சம். விசில் சத்தத்துக்கு யாரும் போர்வையைக்கூட நகர்த்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையால் சுற்றினால் ஊளையிடுகிற சைரன்.

அந்த ஊரில், அந்த வருஷங்களில், விடிகாலையில் சைரன் ஊதினால் என்ன நடக்கும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. தெரு நடுவில் நின்று, காலை அகட்டி வைத்து, பலங்கொண்ட மட்டும் சுற்றினார்.

அடுத்த நிமிஷம் போர்ட் சைடும் ஸ்டார்போர்டும் ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடின. தாதா தராசோடு ஓடினார். என் மனைவி இட்லிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். நான் வீட்டிலிருந்த மிக முக்கியமான பொருள் என்று நினைத்து எடுத்து வந்தது டி.வி. ரிமோட் என்பது ஏர்போர்ட் ரோட்டில் போய் மூச்சு வாங்கும்போதுதான் தெரிந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், எல்லோரும் ஓடுவதைப் பார்த்த செராங்குக்கும் பயம் வந்துவிட்டது. "என்னமோ வருதுலே, பாகோ, பாகோ!" என்று கத்திக்கொண்டு அவரும் பின்னாலேயே ஓடி வந்தார், சைரனை விடாமல் சுற்றியபடி.

மேலே போய் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கடல் அது பாட்டுக்குக் கிடந்தது. பிறகு ஒவ்வொரு தலையாகச் செராங் பக்கம் திரும்பியது.

"செராங் பாபு," என்று தாதா மெதுவாகக் கேட்டார், "பானி கிதர் ஹை?" தண்ணீர் எங்கே என்று அர்த்தம்.

"பானி நஹி ஹை தாதா," என்றார் செராங், இன்னும் மூச்சு இரைக்க. "சஃபாயி ஹை, தெருவச் சுத்தம் பண்ணணும்லா."

அவரை அடிக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், யாருக்கும் கையைத் தூக்கத் தெம்பில்லை. அந்த நிலைமையிலும் மனுஷன் அசரவில்லை. தெரு மொத்தமும் ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டு அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாரும் வந்தாச்சுல்லா? செக்ரட்ரி, மீட்டிங்க ஆரம்பிச்சிருவோம்."

அப்போதுதான் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சரசுவின் மகள் சொன்னாள். "அம்மா வரல. என்னய அக்காகிட்ட புடிச்சுக் குடுத்துட்டு, நீ போன்னுட்டாங்க."

செராங் சைரனை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு இறங்கி ஓடினார். நானும் ஓடினேன். சரசு வாசல் படியில், அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் கழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தங்கச்சி வரல?"

"எத்தன வாட்டிண்ணே ஓடறது? புள்ளய அனுப்பிட்டேன். எனக்கு அலுத்துப்போச்சு."

செராங் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். "தப்பு என்மேலதான் தாயி" என்றார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தனியாகவே கரைக்குக் கல் சுமக்க ஆரம்பித்தார். மேட்டிலிருந்து திட்டிக்கொண்டே இறங்கி வந்த ஜனம் அதைப் பார்த்தது. தாதா தராசைக் கீழே வைத்துவிட்டு ஒரு கல்லைத் தூக்கினார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

இதனால் வேலை ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சாக்கடை வாயில் ஒரு பலகைக் கதவு வைத்தால் கடல் ஏறும்போது மூடிக்கொள்ளும், வற்றும்போது திறந்துகொள்ளும் என்று செராங் அரைமணி நேரம் விளக்கினார். விளக்கிய மும்முரத்தில் கதவைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டார். பௌர்ணமியன்று கடல் கதவைத் தள்ளிக்கொண்டு தாராளமாக உள்ளே வந்தது. திரும்பிப் போகப் பார்த்தபோது கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் முழுக்கத் தெருவில் கணுக்கால் தண்ணீர். உள்ளே மாட்டிய மடவை மீன்களைத் தாதா பிடித்து, பிடித்த வீட்டு வாசலிலேயே கூவி விற்றார்.

"பாத்தீரா," என்றார் செராங், "ஒரு சொட்டு ஒழுகல. கதவு நல்ல கதவுதான், மாட்டுனவன்தான் சரியில்ல." அன்றே திருப்பி மாட்டினோம்.

அடுத்தது வீட்டைத் தூக்குவது. பக்கத்து டாலிகஞ்ச் லாரிப் பட்டறையிலிருந்து ஜாக்கிகள் வந்தன. அடியில் கொடுக்கப் படாக் மரக் கட்டைகள் தயார். தெரு ஜனம் நாலு பக்கமும் தோள் கொடுத்து நின்றது. உள்ளே பார்த்தால் சரசு ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, வெளிய வா!"

"எறக்கி விடமாட்டேன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க. அத்தன பேருக்கும் டீ வேணும்ல?"

தன் சட்டம் தன்மேலேயே பாய்ந்ததை அன்றுதான் அவர் பார்த்தார். கெஞ்சிக் கூத்தாடி அவளையும் கெட்டிலையும் வெளியே கொண்டுவந்தோம். பிறகு, "ஏக், தோ, தீன்!" என்றார். தமிழர்கள் தோவிலேயே தூக்கினார்கள். தெலுங்கர்கள் தீனுக்குத் தூக்கினார்கள். பெங்காலிகள் தீனுக்கு அப்புறம் இன்னொன்று வரும் என்று காத்திருந்தார்கள். வீடு ஒரு பக்கம் மட்டும் கிளம்பி, மறுபடி உட்கார்ந்தது. கடைசியில் யாரும் எண்ணக் கூடாது என்று உத்தரவு போட்டு விசில் ஊதினார். வீடு எழுந்தது. ஜாக்கிகள் ஏறின, கட்டைகள் உள்ளே போயின. அந்த டீயை நாங்கள் எழுந்து நின்ற வீட்டின் நிழலில் உட்கார்ந்து குடித்தோம். சர்க்கரை ரொம்ப அதிகம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

மழை தொடங்குவதற்கு முந்தைய அமாவாசைக்கு மறுநாள் காலை, கடல் ஏற்றம் வந்தது. தெருவே நாங்கள் போட்ட கரையில் நின்று பார்த்தது. தண்ணீர் ஏறி, கரையைத் தொட்டு, கதவைத் தள்ளியது. கதவு சாத்திக்கொண்டது. கல் இடுக்கில் கொஞ்சம் கசிந்ததோடு சரி. மத்தியானம் கடல் வந்த வழியே இறங்கிப் போயிற்று. சரசுவின் வாசல் காய்ந்து கிடந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு சரசு அவரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இந்தச் செவுத்துல ஒரு ஆணி அடிச்சுத் தர்றீங்களா? புள்ளைக்கு மொகம் பாக்கறதுக்குக் கண்ணாடி மாட்டணும். போயிறப் போற வீடுதானேன்னு இத்தன நாளா ஒண்ணும் அடிக்கல."

ஒரு தெருவையே அதட்டி ஒரு வீட்டைத் தூக்கி வைத்த மனிதர், அந்த ஒரு ஆணியை அடிக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது எங்கோ தெறித்து ஓடியது. மூன்றாவதற்குத் தன் கட்டைவிரலிலேயே ஓங்கிப் போட்டுக்கொண்டார். "நான் அடிக்கட்டுமா அண்ணாச்சி?" என்று சுத்தியலைக் கேட்டேன். "சும்மா இரும் செக்ரட்ரி" என்று சுவர்ப் பக்கமே திரும்பி நின்றுகொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. விரல் வலி என்று சொன்னார். நானும் சரி என்று சொன்னேன்.

எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். அவரிடம் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் எனக்கு ஒரு டியூட்டி போட்டிருப்பார். போட்டிருக்கலாம், செய்திருப்பேன்.