காசுக்கண் திறந்த மாதம்

இனிமேல் உலக சரித்திரத்தை இரண்டாகப் பிரித்தால் போதும். 'காசுக்கண்' செயலி வருவதற்கு முன், வந்த பின். முன்னதில் மனிதன் செலவு செய்தான். பின்னதில் செலவைப் பதிவு செய்தான். இந்தப் பெரும் பாய்ச்சலை நிகழ்த்திய முதல் ஆள், ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவின் எழுத்தர்.

அந்தத் தொழிற்சாலையின் முப்பத்தெட்டு ஊழியர்களும் சம்பளம் போதவில்லை என்று மனு கொடுத்திருந்தார்கள். நிர்வாகம் அதைப் 'பரிவோடு' பரிசீலித்து, எல்லோரையும் கிடங்குக்கு அழைத்தது. மேலாளர் ஒரு இரட்டை மெத்தையின் மேல் ஏறி நின்று பேசினார். மெத்தை தரமானது, அவர் ஆடிக்கொண்டே பேச வேண்டியிருந்தது.

"ஆராய்ஞ்சு பாத்துட்டோம். சம்பளத்துல ஒரு குறையும் இல்லை. அது எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியலை. அதுதான் குறை."

"தெரியும் சார்," என்றார் கிடங்குக் காப்பாளர். "வீட்டு வாடகைக்குப் போகுது."

"பாத்தீங்களா, உத்தேசமா சொல்றீங்க. நிர்வாகத்துக்குத் தரவு வேணும்."

இவ்வாறாக, சம்பள உயர்வுக்குப் பதிலாக ஆளுக்கொரு 'காசுக்கண்' செயலி வழங்கப்பட்டது. மாதாந்திர அறிக்கை தானாகவே அலுவலகத்துக்கு வந்துவிடும், 'வழிகாட்டுவதற்காக மட்டும்'.

எழுத்தர் அன்று மாலையே வீட்டில் வாய்மொழிச் சுற்றறிக்கை வெளியிட்டார். இனி எந்தச் செலவும் தலைப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அவர் மனைவி, செருப்பைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டார்.

"உப்பு வாங்கினேன். எழுதிக்கோங்க."

"எந்தத் தலைப்பு? உணவா, சுவையூட்டியா?"

"நாளைக்குப் போடாம விடறேன். எதுன்னு தெரிஞ்சுரும்."

எழுத்தர் மனம் தளரவில்லை. ஆனால் சனிக்கிழமை ஒரு கொள்கைச் சிக்கல் வந்தது. அவருடைய மைத்துனர் வாராவாரம் வருவார், மூன்று டீ குடிப்பார், உலக நடப்பைப் பேசுவார், போய்விடுவார். செயலியில் முப்பத்தொரு தலைப்புகள் இருந்தன. மைத்துனர் என்று ஒன்று இல்லை. வெகு நேரம் யோசித்து, மூன்று டீயையும் 'பூச்சிக் கட்டுப்பாடு' என்ற தலைப்பில் சேர்த்தார். அந்தத் தலைப்பு அதுவரை காலியாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, எட்டாவது படிக்கும் மகள் அப்பாவின் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "மாமா, அப்பா உங்களைப் பூச்சியில போட்டிருக்கார்."

மைத்துனர் இரண்டாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு வரவில்லை. மாதக் கடைசியில் செயலி பச்சை விளக்கு காட்டியது: 'அருமை. இந்தத் தலைப்பில் இரண்டு வாரமாகச் செலவே இல்லை.' மனைவி நான்கு நாள் பேசவில்லை. அதற்குச் செலவு எதுவும் ஆகாததால் செயலி அதைக் கண்டுகொள்ளவில்லை.

பச்சை விளக்கின் ருசி பொல்லாதது. எழுத்தர் பேருந்தை விட்டார், நடந்தார். பேப்பரை நிறுத்தினார், பக்கத்து வீட்டு வாசலில் கிடந்ததைக் குனிந்து படித்தார். மகளுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடி போட வேண்டும் என்று மனைவி சொன்னபோது செயலியைக் கலந்தாலோசித்தார்.

"அடுத்த காலாண்டுல பாக்கலாம்னு சொல்லுது."

"அதுவரைக்கும்?"

"முதல் பெஞ்சுல உக்காரட்டும். அதுக்குக் காசு ஆகாது."

மனைவி உள்ளே போய்விட்டார்.

மதிய இடைவேளைகளில் எழுத்தர் மற்றவர்களுக்கும் பாடம் நடத்தினார். ஒருவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார். ஒருவர் வீட்டில் மின்விசிறிக்கு நேர அட்டவணை வந்தது. கிடங்குக் காப்பாளர்கூட கடைசியில் எழுத ஆரம்பித்தார். மூன்றே மாதத்தில் முப்பத்தெட்டுக் குடும்பங்களும் பச்சையாகிவிட்டன.

பாராட்டு விழா அதே கிடங்கில் நடந்தது. எழுத்தருக்குச் 'செம்மல்' சான்றிதழும், தையல் சற்றுக் கோணலாகிப்போனதால் விற்காத ஒரு தலையணையும் வழங்கினார்கள். மேலாளர் மெத்தையில் ஏறினார்.

"பதினெட்டு சதவீதம் குறைச்சே நல்லா வாழ முடியும்னு நீங்க நிரூபிச்சிட்டீங்க. இத்தனை வருஷமா நிர்வாகம் தெரியாம அதிகமாக் கொடுத்திருக்கு. உங்க மேல தப்பில்லை. அடுத்த மாசத்துல இருந்து அந்த உபரி சம்பளத்துல கழிச்சு சீரமைக்கப்படும்."

கை தட்டத் தயாராக இருந்த எழுத்தர், வாக்கியத்தின் பொருள் வந்து சேர்வதற்குள் இரண்டு முறை தட்டிவிட்டார். முப்பத்தேழு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், அது நாங்க வாயக்கட்டி வயித்தக்கட்டிச் சேத்தது," என்றார் எழுத்தர் மெல்ல.

"அதுக்குத்தானே பாராட்டு," என்றார் மேலாளர்.

தலையணையை இடுக்கிக்கொண்டு நடந்தே வீடு வந்தார். மகள் ஓடிவந்து சான்றிதழை வாங்கி, மூக்கு இடிக்கும்படி பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். எட்டாவது படிக்கும் பெண். எழுத்தரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நடந்ததை மனைவியிடம் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தார்.

மனைவி திட்டவில்லை. தலையணையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"வீட்டுல திருடு போயிருச்சுன்னு போலீஸ்ல போய்ச் சொன்னா, முதல்ல என்ன கேப்பாங்க?"

"என்னென்ன இருந்துச்சு, எங்கெங்க இருந்துச்சுன்னு பட்டியல் கேப்பாங்க."

"அதைத்தான் நீங்க மூணு மாசமா பைசா சுத்தமா எழுதி, திருடன்கிட்டயே கொடுத்துட்டு இருந்திருக்கீங்க."