திரை போட்டுச் சூரியனைக் காட்டியவர்

இரண்டு கைகள் மாவைப் பிசைந்துகொண்டிருக்கின்றன. ஏலக்காய் மணக்கும் மாவு. அதை உருட்டி, எண்ணெயில் போட்டு, பொன்னிறம் வந்ததும் எடுத்து, வயிற்றில் ஒரு துளையிட்டு ஜாம் நிரப்பி, சர்க்கரையில் புரட்டித் தட்டில் அடுக்குகின்றன. நேர்த்தியான கைகள். அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. அவற்றுக்கு மேலே இருக்கும் வாய்தான் பிரச்சினை.

"ஒரு பன்னை நாலா வெட்டினா ஒவ்வொரு துண்டுக்கும் பேர் என்ன, தர்யை?"

"பன்தான்."

"கால் பன்!"

"கால் பன் யாருக்குப்பா போதும்?"

எதைத் தொட்டாலும் பாடமாக்கிவிடும் பெற்றோர் என்று ஓர் இனம் உண்டு. வெயில் நாடுகளிலும் உண்டு என்றாலும், நார்வேயின் வடகோடியில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களில், இரண்டு மாதம் சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்காலத்தில் அது செழித்து வளர்கிறது. தப்பித்து ஓட இடம் இல்லாத பிள்ளைகள்தானே அதற்கு உரம்?

பன் சுட்டுக்கொண்டிருந்த எய்விண்ட் அந்த இனத்தின் நல்ல மாதிரி. மனைவி இங்வில் படகுத்துறைக்கு வேலைக்குப் போய்விடுவாள். எட்டு வயது மகன் தர்யையும் ஐந்து வயது மகள் ஈதுனும் இவர் பொறுப்பு. வெளியே போக வேண்டுமென்றால் கம்பளி உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் பனியுடுப்பு, இரண்டு ஜோடி காலுறை, கையுறை, குல்லாய் என்று ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் சிக்கிய காற்று உடம்புச் சூட்டை எப்படிக் காக்கிறது என்பதையும் விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் ஈதுன் சொல்வாள்: "அப்பா, ஒண்ணுக்கு வருது."

பாடம் நடக்கும்போதுதான் அவளுக்கு ஒண்ணுக்கு வரும். இதை எய்விண்ட் ஒரு நாளும் கவனித்ததில்லை. மற்றதையெல்லாம் கவனிப்பார். பனி அள்ளினால் கன அளவு. மீன் அறுத்தால் உடற்கூறு. போன வாரம் வாசலில் வழுக்கி மல்லாக்க விழுந்தவர், எழுந்திருக்காமல் படுத்த மேனிக்கே உராய்வைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்.

இன்று அவருக்கு ஒரு சோதனை. நகராட்சியிலிருந்து போர்கில்ட் என்ற அம்மையார் வருகிறார், பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்க்க. போன தடவையே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "மூணு கேள்வி கேட்டேன், எய்விண்ட். மூணுக்கும் நீங்கதான் பதில் சொன்னீங்க. அடுத்த தடவை பிள்ளைங்க வாயால ஏதாவது கேக்கணும். இல்லேன்னா ஈஸ்டருக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஸ்கூலுக்குத்தான்."

இன்றே, இரண்டு மாதம் கழித்து முதல் தடவையாக, இன்னொரு விருந்தாளியும் வருகிறார். சூரியன். பதினொன்று ஐம்பதுக்கு எதிர்க்கரை மலைகளின் இடுக்கில் தலைகாட்டி, ஐந்து நிமிடத்தில் போய்விடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், அதை வரவேற்கச் சுட்ட சூரியப் பன்னை வாயில் வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். இங்வில் காலையில் கிளம்பும்போதே சொன்னாள்: "எனக்குத்தான் பாக்கக் கொடுத்துவைக்கல. நீங்களாவது ஜன்னல்கிட்ட நில்லுங்க. பேசாம நில்லுங்க."

எய்விண்டுக்கு முதல் பாதி மட்டும் கேட்டது. அதுவும் அரைகுறையாக.

பதினொன்றரைக்கு போர்கில்ட் சாப்பாட்டு மேசையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்தார். எய்விண்ட் ஓர் ஆரஞ்சில் பின்னல் ஊசியைச் செருகினார், அது பூமி. ஆரஞ்சின் உச்சிக்குக் கிட்டே ஒரு கிராம்பைக் குத்தினார். அது நம் ஊர். மேசை விளக்கு, சூரியன். ஆனால் வெளியே நண்பகலின் நீல வெளிச்சம். விளக்கு எடுபடவில்லை. ஆகவே திரையை இழுத்து மூடினார்.

"அப்பா, சூரியன் வந்துடும்," என்றான் தர்யை.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்குடா. அதுக்குள்ள முடிச்சிடலாம்."

அதற்குள் முடித்த ஆசிரியரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

ஆரஞ்சு சாய்ந்தது. சுற்றியது. கிராம்பு இருட்டுக்குள் போயிற்று. "ஒண்ணுக்கு வருது," என்று ஈதுன் இறங்கிப் போனாள். தர்யை விளக்கின் சூட்டில் கொட்டாவி விட்டான். போர்கில்ட் ஒரு கேள்வி கேட்டார். எய்விண்டே பதில் சொன்னார். இன்னொன்று கேட்டார், அதற்கும் அவரே. கடைசியில் கிராம்பு மெல்ல வெளிச்சத்துக்குத் திரும்பியது.

"இதோ!" என்று எய்விண்ட் வெற்றியோடு திரையை விலக்கினார். "இப்ப நிஜச் சூரியன்!"

மலைமேல் ஒரு சிவப்புக் கீற்று. அவ்வளவுதான். மணி பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம்.

எய்விண்ட் பேசவில்லை, அந்த வீட்டில் அது பெரிய செய்தி.

"ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருந்தேன்," என்றார் போர்கில்ட். குறிப்பேட்டை மூடினார். பேனாவையும் மூடினார். ஈஸ்டருக்கு அப்புறம் என்பது எய்விண்டின் கண்முன் பள்ளி மணியாக ஆடியது.

அப்போது குளியலறைக் கதவு திறந்தது.

"நான் பாத்தேனே," என்றாள் ஈதுன். "ஜன்னல்கிட்ட முக்காலி போட்டு ஏறி நின்னேன். முதல்ல மலையோட ஓரத்துல ஜாம் ஒழுகிச்சு. அப்புறம் கண்ணு கூசிச்சு. வேலியோட நிழல் பனி மேல நம்ம பக்கமா நீட்டமா படுத்திருந்துச்சு. நான் கையாட்டினேன், என் கை நிழல் சுவத்துல ஆடுச்சு. அப்புறம் அந்தப் பக்கத்து மலைக்குள்ள போயிடுச்சு. வந்த பக்கத்துல போகல."

"ஏன் வந்த பக்கத்துல போகல?" என்றார் போர்கில்ட்.

எய்விண்ட் வாயைத் திறந்தார். போர்கில்ட் பேனாவை அவரை நோக்கி நீட்டினார், வாயை மூடச் சொல்லும் விதமாக. மூடினார்.

"அது நடந்துக்கிட்டே இருக்கு," என்றாள் ஈதுன். "நின்னா பேச ஆரம்பிச்சிடுவாங்கன்னு நினைச்சிருக்கும்."

போர்கில்ட் சிரித்துக்கொண்டே குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். எய்விண்ட் எட்டிப் பார்த்தார். "இயற்கையைக் கவனித்தல்: மகள், மிக நன்று. தந்தைக்கு இன்னும் பயிற்சி தேவை. வீட்டுப் படிப்பு தொடரலாம்."

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். இதை உங்கள் பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிட்டு, "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்கலாம் என்று இப்போது தோன்றியதா உங்களுக்கு? தோன்றியிருந்தால், முதலில் எழுந்துபோய் உங்கள் வீட்டு ஜன்னல் திரை மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கம் வழக்கம்தான். அன்று பன் தின்னும் உரிமை அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்கள் நாளைவரை பொறுக்க வேண்டும்.

எய்விண்ட் தட்டிலிருந்து நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்தார். அதன் உருண்டை வடிவத்தைப் பற்றிய பாடம் நாக்கின் நுனிவரை வந்தது. ஜாம் எந்தப் பழத்தில் ஆனது என்பதும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினார்.

முழுப் பன்னை, ஒரு வார்த்தை சொல்லாமல், மகள் கையில் கொடுத்தார்.