உவர்நாட்டுத் தொட்டில் ஆணை

உவர்நாடு என்று ஒரு நாடு, கண்ணுகளா. விடிந்ததும் அங்கே முரசு அடிப்பார்கள். அது ஓய்வதற்குள் உப்பள வாசலைத் தாண்டாதவளுக்கு அன்று வேலை இல்லை. இடுப்பில் பிள்ளையோடு வருகிறவளுக்கோ என்றுமே இல்லை.

அதனால் வெள்ளச்சி தன் மகள் மைனாவைப் பக்கத்து வீட்டுச் செவந்தியிடம் விட்டுவிட்டு ஓடுவாள். செவந்திக்கு ஒரு கால் மடங்காது. பிள்ளை பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. வெள்ளச்சியின் கூலியில் பாதி அதற்கே போய்விடும்.

அந்த நாட்டில் தேர்தலும் உண்டு. மன்னர் ஒருவர்தான் நிற்பார். இருந்தாலும் வாக்குறுதி கொடுப்பார், நல்ல மனிதர். இந்த முறை, ஏழைத் தாய்மாருக்குப் பிள்ளை பார்க்கும் செலவை அரசே ஏற்கும் என்றார். அதுவே தொட்டில் ஆணை ஆனது. வெள்ளச்சி மனு கொடுத்தாள். தொட்டில் அதிகாரி வந்து பார்த்தார். செவந்தி மைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மனு தள்ளுபடி.

“பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறாரே அம்மா” என்றார் அதிகாரி.

“அந்த ஆளுக்குக் கொடுக்கத்தானே கேக்குறேன்?”

“ஆள் இல்லாதவர்களுக்கே உதவி. சட்டம் தெளிவாக இருக்கிறது.”

மறு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்று செவந்தி மனசில்லாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்று காலைதான் இன்னோர் ஆணையும் பிறந்திருந்தது: தனியே விடப்பட்ட பிள்ளைகள் இனி அரண்மனைப் பிள்ளைகள். வாசலில் தனியாக மண் அளைந்துகொண்டிருந்த மைனாவை அதிகாரி தூக்கிக்கொண்டார்.

செவந்தி காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, நான் இருக்கிறேன், நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று கதறினாள்.

“நீங்கள் இருந்தால் மனு பொய், தாய்க்குச் சிறை. இல்லையென்றால் பிள்ளை எங்களுடையது. நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்” என்றபடி அவர் நடந்துகொண்டே இருந்தார்.

செவந்தி திரும்பிப் போய் வைக்கோல் போருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

இப்படியே வீடு வீடாகத் தூக்கியதில் அரண்மனை பிள்ளைகளால் நிறைந்தது. எல்லாருக்கும் ஒரே மொட்டை, ஒரே சட்டை. சமாளிக்க முடியாமல், ஆயாக்கள் தேவை என்று முரசு அடித்தார்கள். வீட்டில் சிறு குழந்தை உள்ளவர்கள் வர வேண்டாம் என்றும் சேர்த்தே அடித்தார்கள்.

வெள்ளச்சிதான் முதலில் போய் நின்றாள்.

“வீட்டில் குழந்தை உண்டா?” என்று கேட்டார் அதே அதிகாரி.

“இல்லைங்க.”

அவருக்கு மெத்தத் திருப்தி. இவ்வளவு நாளில் இப்போதுதான் அவள் சட்டப்படி பதில் சொல்லியிருக்கிறாள்.

கொட்டாவி விடாதீங்க, கண்ணுகளா. உள்ளே போனவள் இன்னும் ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.